பத்து என்று நான்தான் சொன்னேன்

ஜன. 20, செவ்வாய்

பனி. வெயில் ஏறும்வரை எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. எழுந்ததும் எடை பார்க்கும் பழக்கம். இங்கே மெஷின் இல்லை. இனி எதற்கு.

நேற்று சாயங்கால பஸ்ஸில் மலையேறி வந்தேன். பையில் அழுக்குத் துணி, வெள்ளி மெடல், அப்புறம் அந்த ஷீல்டு. கல்லூரிகளுக்கிடையிலான மல்யுத்தப் போட்டியில் அதிகப் பாயிண்ட் எடுத்த பெண்ணுக்கு என்று தனியாகக் கொடுத்தது. முதல் பரிசுக் கப்பைவிடப் பெரியது. அதுதான் வம்பு.

ஜமுனாமரத்தூரில் இறங்கும்போதே சித்தப்பா பார்த்துவிட்டார். பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருப்பவர். ஒரு விஷயத்தை நாலு பேரிடம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஷீல்டைப் பிடுங்கி பாய்லர் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

"நான் தோத்துட்டேன் சித்தப்பா."

"சும்மா இரு. தோத்தவளுக்கு இவ்ளோ பெருசா குடுப்பானா?"

சும்மா இருந்தேன். டீ கொடுத்தார். குடித்தேன்.

ஜன. 21, புதன்

ஒரே ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். அப்புறம் இதைப் பற்றி எழுதப் போவதில்லை.

53 கிலோ.
முதல் ஆட்டம் 10-0.
இரண்டாவது 10-0.
அரையிறுதி 12-2.
ஃபைனல் 8-2. எட்டு என்னுடையது. தோல்வியும்.

பத்துப் பாயிண்ட் வித்தியாசம் வந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. முதல் மூன்றும் அப்படித்தான் முடிந்தன. ஃபைனலில் வாணியம்பாடி ஷபானா. ஆறுக்கு ஒன்றுமில்லை என்றிருந்தபோது அவளை இடுப்போடு தூக்கி எறிந்தேன். நேராக முதுகில் விழுந்தால் நாலு. அப்படித்தான் விழுந்தாள் என்று நினைத்தேன். ஆறும் நாலும் பத்து. "பத்து" என்று வாய்விட்டுச் சொல்லி, கையை எடுத்துவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் பயிற்சியின்போது ஸ்கோர் போர்டு கிடையாது. நடுவர் வேலை பார்க்கவும் ஆள் கிடையாது. மேலே இருப்பவள்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். பத்து சொன்னதும் விட்டுவிட வேண்டும், கீழே கிடப்பவளுக்கு அடிபடக் கூடாது. மூன்று வருஷமாக இதுதான் நடைமுறை. ஒருத்தியும் கூட்டிச் சொன்னதில்லை, நானும்தான்.

நடுவர் காட்டியது இரண்டு விரல். ஷ. பக்கவாட்டில் விழுந்திருக்கிறாள். ஆக எட்டுதான். நான் பாதி எழுந்தாயிற்று. அவள் என் கழுத்தைப் பிடித்துப் புரட்டினாள், இரண்டு தோளும் மெத்தையில் பட்டன. தோள் பட்டுவிட்டால் அதுவரை எடுத்த பாயிண்ட் எதற்கும் ஆகாது.

அகில இந்தியப் போட்டிக்கு ஒரு எடைக்கு ஒருத்திதான். அவள் போகிறாள். எனக்கு இது கடைசி வருஷம்.

அழவில்லை. பஸ்ஸிலும் வரவில்லை, இங்கே வந்தும் வரவில்லை.

ஜன. 22, வியாழன்

மொச்சை உரித்தோம், நானும் அம்மாவும். ஒரு கூடை. மதியம் நாட்டுக்கோழி. எத்தனையோ மாதமாக அரை வயிறு சாப்பிட்டவள் என்று அம்மா அள்ளி அள்ளி வைத்தாள். "உப்பு சரியா இருக்குதா?" என்றாள். தெரியவில்லை. இருக்கிறது என்றேன்.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு நாளாக மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார் போல.

"நாலு ஆட்டத்துலயும் சேத்து நீ நாப்பது எடுத்துருக்கே. அந்தப் பொண்ணு எவ்ளோ?"

"கம்மிதாம்ப்பா."

"அப்ப எப்புடி அது ஜெயிக்கும்? கூட்டிப் பாத்தா நீதான ஜாஸ்தி?"

"கூட்ட மாட்டாங்கப்பா."

"இன்னா ஆட்டம் அது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். கல்லூரியில் ஆறுதல் சொன்ன எல்லாரையும்விட அவர் சொன்னது சரியாக இருந்தது.

ஜன. 24, சனி

சித்தப்பா ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். 'மலை கண்ட தங்க மங்கை.' என் போட்டோ பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்தது, இரட்டைச் சடை, ரிப்பன். கழற்றுங்கள் என்று கெஞ்சினேன்.

"வுடும்மா, வெயில்ல தானா வெளுத்துடும்."

கடைக்கு வருபவர்கள் கை கொடுக்கிறார்கள். ஒருவர் தன் பேத்தியைக் கூட்டிவந்து என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டது. முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது அதுவும் இல்லை.

சாயங்காலம் சார் போன். எங்கள் கோச். பாறைமேல் ஏறி நின்றால்தான் சிக்னல். வேலூரில் பத்து நாள் பயிற்சி முகாம். ஷபானாவோடு மோதிப் பழக அதே எடையில் ஆள் வேண்டுமாம்.

"உன்ன விட்டா ஆள் இல்லம்மா. கட்டாயம் இல்ல. யோசிச்சுச் சொல்லு."

அதாவது அவள் ஜெயிக்க நான் விழ வேண்டும், தினம் இரண்டு வேளை. யோசிக்கிறேன் சார் என்றேன். யோசிக்க ஒன்றும் வரவில்லை.

அம்மாவுக்குத்தான் வந்தது. "போவாத. உன் எடத்த புடிச்சவளுக்கு நீயே போயி முதுகு குடுக்கறதா? மானம் ரோசம் இல்ல?"

இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

ஜன. 25, ஞாயிறு

துணி துவைத்தேன். தலைக்கு எண்ணெய். மறுபடி மொச்சை.

பாறை மேல் போனபோது தெரியாத நம்பர்.

"நான் ஷபானா பேசறேங்க. கட் பண்ணிடாதீங்க."

"சொல்லுங்க."

"நீங்க பத்துன்னு சொன்னீங்க இல்ல, நானும் முடிஞ்சிடுச்சுன்னுதான் படுத்துக் கெடந்தேன். எங்க சார்தான் புடி புடின்னு கத்துனாரு. கை தானா போயிடுச்சு."

"ரூல்தானே. நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல."

"வூட்ல பிரியாணி போட்டு தெருவுக்கே குடுத்தாங்க. எனக்கு ஒரு வாய் இறங்கல. எல்லாரும் இன்னா சொல்றாங்க தெரியுமா? அந்த மலைப் பொண்ணு விட்டதால இவ ஜெயிச்சான்னு."

காற்று இரைச்சல். அவள் பக்கம் ஏதோ லாரி ஹாரன்.

"வர்றீங்களா?"

"பாக்கறேன்."

போனை வைத்த பிறகு, கோபம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. பொறாமை? அதுவும் இல்லை. தோற்றதைவிட இதுதான் பயமாக இருக்கிறது. எங்கேயாவது மரத்துப் போய்விட்டேனா.

ஜன. 27, செவ்வாய்

போகிறேன். ஏன் என்றால் தெரியாது. இங்கேயே இருந்தால் மொச்சை உரித்துக்கொண்டே இருந்துவிடுவேன் போலிருக்கிறது, அவ்வளவுதான்.

எடுத்து வைத்தவை: ஷூ, ஆட்ட உடை 2, துண்டு, தைலம், சாமை முறுக்கு (அம்மா. திட்டிக்கொண்டேதான் சுட்டாள்).

அப்பா பஸ் வரை பையைத் தூக்கி வந்தார். "கழுத்தப் பாத்துக்கோ" என்றார். மலைப் பாதை வளைவில் வழக்கமாகக் குமட்டும். இன்று ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

ஜன. 29, வியாழன்

வேலூர். இங்கே புழுக்கம். ஹாஸ்டலில் என் கட்டிலும் ஷ. கட்டிலும் பக்கத்துப் பக்கத்தில். நேற்று முழுக்க ஓட்டமும் தண்டாலும். சோப்பு மறந்துவிட்டேன், அவளுடையதைக் கொடுத்தாள். இரண்டு பேரும் வாங்க போங்க என்றே பேசிக்கொண்டோம்.

இன்று காலை முதல் தடவையாக மெத்தையில் இறக்கினார்கள்.

காலைப் பிடித்தேன், விழுந்தாள். இரண்டு. மறுபடி பிடித்தேன், விழுந்தாள். நாலு. மூன்றாவது தடவை நான் சரியாகக்கூடப் பிடிக்கவில்லை, கால் தானாக என் கைக்கு வந்தது. அப்போதுதான் புரிந்தது. கொடுக்கிறாள். அன்றைக்கு எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறாள்.

காது சுட்டது. அவள் காலைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

"இன்னா, பிச்ச போடறியா?"

"இல்லீங்க, நான்…"

"எனக்கு யாரும் பாயிண்ட் குடுக்க வேணாம். வேணும்னா நானே எடுத்துக்குவேன். நீ ஒழுங்கா ஆடறதுன்னா ஆடு, இல்ல நான் அடுத்த பஸ்ல ஏறிடறேன்."

நீ வா போ என்று வந்துவிட்டது. ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஷ. முகம் சிவந்துவிட்டது. முடியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

"சரி. வா."

வந்த வேகத்தில் என்னைத் தூக்கி அடித்தாள். தரை அதிர்ந்தது. தோள்பட்டையிலிருந்து விரல் நுனி வரை வலி, நல்ல வலி. புரண்டு எழுந்து அவள் இடுப்பைப் பிடித்தேன். அவள் என் கழுத்தைப் பிடித்தாள். விசில் ஊதினார்கள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. இன்னொரு தடவை ஊதினார்கள். சார் ஓடி வந்துதான் பிரித்தார்.