கதவைச் சாத்தச் சொல்லும் அரங்கம்

ஜனவரி 11

நான்கு பல்செட் முடித்தேன். ஒன்றில் மேல்வரிசை கோணல், திரும்பச் செய்ய வேண்டும். இருபத்தொன்பது வருடமாகப் பிரஸ்ஸல்ஸில் பாதிப் பேரின் வாய்க்குப் பல் செய்கிறேன், ஒருவர் முகமும் தெரியாது. பல் மருத்துவர்கள் வாயின் அச்சை அனுப்புவார்கள், நான் பல் அனுப்புவேன்.

மாலை ஒரு பேசாப் பேய்ப்படம். ஒருவன் காலி வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். நான்கு நிமிடம் அதுதான். எனக்குப் பயம் வரவில்லை, கொட்டாவி வந்தது. பேய்ப்பட விழாவில் என் பக்கத்தில் உட்காரும் ஓடெட் இதைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். ஏப்ரலில் சண்டைக்கு ஒரு விஷயம் கிடைத்தது.

ஜனவரி 29

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் லீவ் என்கிற பெண் கேட்டாள்: "பேய்ப்படம் பார்க்கப் போயிட்டு எதுக்குக் கத்தறீங்க?"

விழாவில் எல்லோரும் கத்துவோம் என்றேன். திரையில் கதவு திறந்தால் எண்ணூறு பேரும் "கதவைச் சாத்து!" என்போம். நிலா தெரிந்தால் ஊளை. எவளாவது நிலவறைக்கு இறங்கினால் "போகாதடி!" அப்படிப் பன்னிரண்டு நாள்.

"யாரோட போவீங்க?"

பக்கத்து நாற்காலியில் ஓடெட் இருப்பார் என்றேன். எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி. எந்தக் காலத்துப் பேய் உயர்ந்தது என்று பதினாறு வருடமாக எங்களுக்குள் சண்டை. "அப்போ ஃப்ரெண்டுன்னு சொல்லுங்க" என்றாள் லீவ்.

ஃப்ரெண்டா? வருடத்தில் பன்னிரண்டு நாள் பார்க்கிறவரை என்னவென்று சொல்வது?

பிப்ரவரி 16

எண்பதுகளில் வந்த படம். என் காலம். பசை, ரப்பர், சிவப்புச் சாயம். ஒருவன் வயிற்றுக்குள்ளிருந்து இன்னொருவன் கை வருகிறது. யாரோ குளிரில் உட்கார்ந்து அந்தக் கையைச் செய்திருக்கிறான், நகம்கூட வைத்திருக்கிறான். கையால் வேலை செய்கிறவனுக்குத்தான் அது தெரியும். போன வருடம் இப்படி ஒரு மிருகத்தை ஓடெட் "கொதிக்க வெச்ச கையுறை" என்றார். பின்வரிசை முழுக்கச் சிரித்தது.

மார்ச் 8

இந்தக் காலத்துப் படம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காதருகே தகரத்தைப் போடுகிறார்கள். தூக்கிவாரிப் போடுவது வேறு, பயம் வேறு. இதையும் ஓடெட்டிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவை பதினேழு சேர்ந்துவிட்டன.

மார்ச் 23

ஞாயிறு. யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏப்ரல் 9

விழாவின் முதல் நாள். ஓடெட் வரவில்லை. ஜலதோஷமாக இருக்கும்.

ஏப்ரல் 11

இன்றும் இல்லை. நுழைவுச்சீட்டு தருகிற பெண்ணிடம் கேட்டேன். "முழு விழாவுக்கும் அந்த சீட்டை டிசம்பர்லயே எடுத்துட்டாங்க. பேரும் விலாசமும் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, மன்னிச்சுக்குங்க." எடுத்துவிட்டு ஏன் வரவில்லை?

எந்தப் பெயரை அவளிடம் சொல்வேன்? முழுப் பெயர் எனக்குத் தெரியாது. வீடு தெரியாது, போன் நம்பர் தெரியாது. பதினாறு வருஷம்! பேயைப் பத்தி மணிக்கணக்கா பேசத் தெரிஞ்சவனுக்கு, எங்க இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியல. படம் முடிஞ்சதும் அடுத்த படத்து வரிசையில முதல் ஆளா நிக்க ஓடுவேன். முட்டாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. படத்தால் இல்லை.

ஏப்ரல் 13

மதியக் காட்சி. விளக்கு அணைவதற்கு முன் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாகக் கத்தினேன். "ஓடெட்டை யாருக்காவது தெரியுமா? பதினான்காம் நம்பர் சீட். அஞ்சு நாளா வரல. யாராவது பார்த்தீங்களா?"

அரங்கமே சிரித்தது. "உன் சீட்டுக்கு அடியில பாரு!" "நேத்து ஆவியா வந்தாங்களே!" மாடியிலிருந்து, வருடாவருடம் வரும் யோரிஸ் ஊளையை ஆரம்பித்தான். அந்தத் தாடிக்காரன் ஆரம்பித்தால் எண்ணூறு பேரும் சேர்ந்துகொள்வார்கள். சேர்ந்துகொண்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. இங்கே எதைச் சொன்னாலும் விளையாட்டுதான், நான்தான் மறந்துவிட்டேன். உட்கார்ந்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

வெளியே வந்தால் யோரிஸ் காத்திருந்தான்.

"யோவ், நிஜமாவே கேட்டியா?"

"ஆமா."

"அடக் கடவுளே. நான் தமாஷ்னு நெனச்சேன்." தாடியைச் சொறிந்தான். "ரெண்டு வருஷமா படம் முடிஞ்சதும் நான்தான் அவங்களை டிராம் வரைக்கும் கொண்டுபோய் விடறேன். கண்ணு தெரியாதே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. தோளோடு தோள் உட்கார்ந்தவனுக்குத் தெரியாது.

"பல்லுக்காரனுக்கு மட்டும் சொல்லாதேன்னாங்க. இனிமே மறைக்கிறது அசிங்கம்" என்று சொல்லி விலாசத்தை நுழைவுச்சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தான்.

ஏப்ரல் 14

விழாவுக்குப் போகவில்லை. டிராமில் கோபம் வந்தது. கண்ணே தெரியாமல் என் ரப்பர் மிருகத்தைக் கையுறை என்றாரா? நான்கு நிறுத்தம் தாண்டுவதற்குள் கோபம் போய்விட்டது.

இரண்டாம் மாடி. கதவைத் திறந்தவர் என் மூச்சைக் கேட்டே சொன்னார்: "பல்லுக்காரனா? யோரிஸுக்கு வாயில பூட்டே கிடையாது."

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினார். "முதல்ல கண்ணுக்கு நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. அப்புறம் அது பெருசாயிடுச்சு. ஆனா அங்க எனக்குக் குறையே இல்ல. கதவைச் சாத்துன்னு கத்துவீங்க, கதவு திறந்திருக்குன்னு தெரிஞ்சுக்குவேன். ஊளையிட்டா நிலா. மத்தவங்க கத்தறத வெச்சு முழுப்படமும் பார்த்துடுவேன். உன்கிட்ட சண்டையும் போட்டு ஜெயிச்சேனே!"

"அப்புறம் ஏன் வரல?"

"இந்த வருஷம் படியே தெரியல. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினா உனக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் நீ பாவம் பார்த்து எனக்கு விட்டுக்குடுப்ப. அது வேண்டாம்னு தோணிச்சு."

விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் காபி போடப் போனார். எதிலும் இடிக்காமல் போய் வந்தார்.

மே 4

ஞாயிறு மதியம். படத்தை அவர் வீட்டில் ஓடவிட்டு நான் வாயால் சொல்கிறேன். அந்த மெழுகுவர்த்திக்காரனைச் சொல்லத் தொடங்கினேன். நான்காவது மெழுகுவர்த்தியில் என் கையே சில்லிட்டுப் போயிற்று. சொல்லிப் பார்த்தால்தான் தெரிகிறது அதில் என்ன இருக்கிறதென்று. அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 15

இந்தக் காலத்துப் படம். சொல்லவே வரவில்லை.

"திடீர்னு ஒண்ணு குதிச்சுது."

"எது?"

"தெரியல."

"அப்புறம்?"

"இன்னொண்ணு குதிச்சுது."

இருவரும் சிரித்தோம். பிறகு ஒரு காட்சி. ஒருத்தி சமையலறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். நான் பேசாமல் இருந்தேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"ஒண்ணும் நடக்கல."

"அதையும் சொல்லுய்யா. ஒண்ணும் நடக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். படம் முடிந்தது. நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "சரி, உன் வாரத்துல என்ன நடந்துது?" என்றார்.

"ஒண்ணும் நடக்கல."

அவர் காத்திருந்தார்.

திங்கட்கிழமை காலையிலிருந்து ஆரம்பித்தேன். வியாழக்கிழமைக்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.