ஆவுடையப்பனிடம் சொல்லாமல் விட்டது

ஊற்று ஆய்வுத்தளம், செவ்வாய்.
மருத்துவப் பதிவேடு. எழுதுபவர்: டாக்டர் அமலோற்பவம், தள மருத்துவர்.

நாள் 412. காலை 08:15

தள அழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. தண்ணீர் மீட்பு 91 சதவீதம். ஆட்கள் மூவர்: தளத் தலைவி மெஹருன்னிசா, துளைப் பொறியாளர் ஆவுடையப்பன், நான்.

ஆவுடையப்பனுக்குக் காய்ச்சல், 101.2. இருமல். இடது நுரையீரலின் அடிப்பகுதியில் கரகரப்பு. மூன்று நாளுக்கு முன் ஈரப்பதத் தொட்டியைக் கழுவியவர் அவர். தொட்டித் தண்ணீரில் கிருமி வளர்ந்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கியாயிற்று. மற்ற இருவருக்கும் எதுவும் இல்லை. துளைப்பணி நிறுத்தம். ஐந்து நாளில் எழுந்து நடமாடுவார்.

நாள் 413. காலை 09:30

காய்ச்சல் 103.1. கைகள் நடுங்குகின்றன. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விளக்கின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்கிறார். விசிறி ஓடும் சத்தம் பல்லைக் கூசவைக்கிறதாம். தோலுக்கடியில் எறும்பு ஊர்கிறதாம்.

காய்ச்சல் நடுக்கம் என்று பதிகிறேன்.

நாள் 413. மாலை 17:40

தள ஒலித்தொடர்பு, அவர் அறையிலிருந்து:

"டாக்டர், பழைய சனியன் திரும்ப வந்துட்டு. அன்னைக்கு வந்த மாதிரியேதான் இருக்கு. அதே எறும்பு, அதே சத்தம். செவுரு மூச்சு விடுது. அந்தத் தூக்க மாத்திரை இருக்குல்லா, இன்னைக்கு ஒண்ணு கூட்டித் தாங்க. அது இல்லாட்டி நான் எப்பவோ போயிருப்பேன்."

கூட ஒன்று கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கி விழுங்கினார்.

நாள் 414. காலை 10:05

காய்ச்சல் 99.4. நுரையீரல் தெளிகிறது. மருந்து வேலை செய்கிறது.

ஆனால் நடுக்கம் குறையவில்லை. வியர்வை நிற்கவில்லை. இரண்டு நாளாக ஒரு மணி நேரம்கூடத் தூங்கவில்லை. இதைக் காய்ச்சலின் கணக்கில் இனி எழுத முடியாது.

எழுதிவிடுகிறேன். இந்தப் பதிவேட்டைப் படிப்பவர் யாராக இருந்தாலும், இதற்கு முந்தைய பக்கங்களில் நான் எழுதியிருப்பது முழு உண்மை அல்ல.

முதல் மாதத்தில் ஆவுடையப்பனுக்குத் தூக்கம் வரவில்லை. நரம்பைத் தணிக்கும் மாத்திரை ஒன்றை ஆரம்பித்தேன். நான்கு வாரத்துக்கு மேல் கொடுக்க பூமியின் அனுமதி வேண்டும். மாத்திரை போட்டால் அவர் தூங்கினார். தூங்கினால் துளை இறங்கியது. பனிக்கட்டி கிடைத்தது, மூன்று பேருக்கும் தண்ணீர் கிடைத்தது. அனுமதி கேட்காமல் ஆறரை மாதம் கொடுத்தேன். பதிவேட்டில் நான்கு வாரம் என்று எழுதினேன்.

நாள் 220இல் மருத்துவத் தணிக்கை. தணிக்கை என்றால் ரத்த அறிக்கையும் என் பதிவேடும்தான்; அவரிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ரத்தத்தில் மருந்து இருந்தால் நான் மாட்டுவேன். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டிய மருந்தை ஒரே நாளில் நிறுத்தினேன். அவரிடம் சொல்லவில்லை. மாலையில் நான் கொடுக்கும் கிண்ணத்தில் அந்த மாத்திரைக்குப் பதிலாக அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு வைட்டமின் மாத்திரையைப் போட்டேன்.

பத்து வாரம் அந்த மனிதர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'தளச் சூழல் ஒவ்வாமை' என்று எழுதினேன். அவர் தேறினார். எனக்கு நன்றி சொன்னார்.

கிண்ணத்தில் இன்றும் வைட்டமின்தான் போகிறது. நேற்று அவர் கெஞ்சிக் கேட்டபோது கூடக் கொடுத்ததும் அதுதான்.

நாள் 414. மதியம் 13:20

நிஜ மாத்திரை இருக்கிறது. தணிக்கைக்குப் பின் வந்த விதிப்படி பூட்டிய பெட்டியில். திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று என்னிடம், ஒன்று மெஹரிடம். எதற்கு என்று மெஹர் கேட்பாள்.

தள நூலகத்தில் தேடினேன். இந்த வகை மருந்தைத் திடீரென நிறுத்தியவர்களில் சிலருக்கு, எல்லாம் அடங்கி மாதங்கள் கழித்து, காய்ச்சலோ பெரிய நோயோ வரும்போது பழைய அறிகுறிகள் திரும்புவதாகக் குறிப்புகள் இருக்கின்றன. ஆய்வுகள் குறைவு. ஏன் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தேறிய நரம்புகள் முழுதாகத் தேறியிருக்கவில்லை, உடம்பு தளரும்போது தடுமாறுகின்றன என்பது ஒரு கருத்து. பெரும்பாலும் நாட்களில், சில வாரங்களில் அடங்கிவிடுகிறது.

பூமிக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். யாரோ ஒரு நோயாளி, பொதுவான சந்தேகம் என்று எழுதினேன்.

நாள் 414. மாலை 16:50

பூமியிலிருந்து பதில். நரம்பியல் ஆலோசகர் டாக்டர் தில்லைநாயகத்தின் குரல்:

"அமலோற்பவம், ஆமா, திரும்ப வரலாம். நானே ரெண்டு மூணு பேரைப் பாத்திருக்கேன். முதல்ல வேற காரணம் எதுவும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கோங்க. வலிப்பு வருதான்னு கவனமா இருங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு. நோயாளிக்கு இது என்னன்னு தெரியுமா? தெரியலைன்னா தனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னுதான் நினைப்பாங்க. மாத்திரை விட்டதோட விளைவு, அடங்கிரும்னு சொல்லிட்டாலே பாதி பயம் போயிரும். இன்னைக்கே சொல்லிருங்க."

மூன்று முறை கேட்டேன். கிடைத்தது என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

நாள் 415. காலை 11:10

காய்ச்சல் இல்லை. நடுக்கம் கூடியிருக்கிறது. சாப்பிடவில்லை. அறைக் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டு ஒலித்தொடர்பில் பேசினார். பதிவிலிருந்து அப்படியே:

"டாக்டர், ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும்."

"கேளுங்க."

"எங்க அண்ணன் சங்கரபாண்டிக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. தூக்கம் போச்சு. சத்தம் கேக்குன்னான். ஒரு நா எங்கம்மா மேல கொதிக்கிற சோத்துப் பானையத் தூக்கிப் போட்டுட்டான். பொறவு பதினாறு வருசம் ஆசுபத்திரிலயே கெடந்தான். இங்க வர்றதுக்கு எழுதிக் கொடுத்தப்ப இதை நான் சொல்லல. மறைச்சுட்டேன். தப்புதான். இப்ப சொல்லுங்க, எனக்கும் அதுதானா?"

"அப்படியெல்லாம் இல்ல. ரெஸ்ட் எடுங்க."

"அப்ப இது என்னது? காய்ச்ச விட்டுட்டே, இது ஏன் விடல?"

"நாளைக்குப் பேசலாம் ஆவுடையப்பன்."

"சரி டாக்டர். ஒங்கள நம்பித்தான் இருக்கேன்."

ஒரு சிறிய விஷயத்தை மறைத்ததற்காக அவர் என்னிடம் தப்பு என்று சொன்னார். என்னிடம்.

ஏன் சொல்லவில்லை என்று இங்கே ஒரு காரணமாவது எழுத வேண்டும். திரும்பும் கலம் வர இன்னும் ஒன்பது மாதம். மூன்று பேர் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு என் உரிமம், என் பெயர். இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் இரண்டு வரிகூட வரவில்லை.

நாள் 416. காலை 06:50

அறையில் இல்லை. அவருடைய விண்ணுடை இல்லை. முதல் ஊர்தி இல்லை. அறைத் திரையில் ஒரு குரல்பதிவு வைத்திருக்கிறார்:

"மேடம், டாக்டர், ரெண்டு பேருக்கும். நேத்து சாயங்காலம் நான் மேடம் ரூம் வாசல்ல நிக்கேன். கைல பெரிய ஸ்பேனர் இருக்கு. எதுக்கு எடுத்தேன், எப்ப வந்தேன், ஒண்ணும் தெரியல. பைப்ப முடுக்கத்தான் எடுத்தேனோ என்னவோ. எங்கண்ணனும் தெரிஞ்சா செஞ்சான்? நான் மூணாம் துளைக் கொட்டகைக்குப் போறேன். அங்க ஒரு நாளைக்குக் காத்து இருக்கு. யாரும் தேடி வராதீங்க. எங்க வீட்டுல, கொட்டகை இடிஞ்சுட்டுன்னு சொல்லிருங்க. இதைச் சொல்ல வேண்டாம்."

நாள் 416. காலை 07:05

மெஹரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டாள். திட்டவில்லை. ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்து என் கையில் வைத்தாள்.

நாள் 416. 07:11. ரேடியோ பதிவு

நான்: ஆவுடையப்பன், நான் அமலோற்பவம். கேக்குதா?

(பதில் இல்லை.)

நான்: உங்களுக்குப் பைத்தியம் இல்ல. உங்க அண்ணனுக்கு வந்தது வேற, இது வேற. இது மருந்தால வந்தது. நான் கொடுத்த மருந்து. ஆறரை மாசம் தூக்க மாத்திரை கொடுத்தேன், அவ்வளவு நாள் கொடுக்கவே கூடாது. தணிக்கையில மாட்டிக்குவேன்னு ஒரே நாள்ல நிறுத்தினேன். உங்ககிட்ட சொல்லல. அந்தப் பத்து வாரம் நீங்க பட்டது அதனாலதான். இப்ப காய்ச்சல் வந்ததும் அதே திரும்பியிருக்கு. இப்படி வரும். வந்துட்டு அடங்கிரும்.



ஆவுடையப்பன்: தெனமும் சாயங்காலம் குடுத்தீங்களே.

நான்: அது வைட்டமின்.

ஆவுடையப்பன்: காய்ச்ச அன்னைக்கு கூட ஒண்ணு குடுத்தீங்களே.

நான்: அதுவும்.

ஆவுடையப்பன்: நேத்து கேட்டேனே டாக்டர். எங்கண்ணன் கதையெல்லாம் சொல்லிக் கேட்டேனே. நாளைக்குப் பேசலாம்னீங்க.

நான்: ஆமா.

ஆவுடையப்பன்: எம்மவளுக்கு நேத்து ஒரு செய்தி பேசி வச்சேன். இனிமே அப்பா பேச மாட்டேன்னு. அது போயிருக்குமா?

மெஹருன்னிசா: போகல ஆவுடையப்பன். இன்னும் வரிசையிலதான் இருக்கு. நான் நிறுத்திட்டேன். அங்கேயே இருங்க, வண்டி ஓட்டாதீங்க. நாங்க வர்றோம்.

ஆவுடையப்பன்: மேடம், எனக்குப் பைத்தியம் இல்லியாம். (சிரிப்பு. இருமல்.) கேட்டீங்களா, எனக்கு ஒண்ணும் இல்லியாம். கை ரொம்ப வெட்டுது மேடம், நாக்கு

(ஏதோ விழும் சத்தம். திறந்த அலைவரிசை. பதில் இல்லை.)

நாள் 416. மதியம் 12:30

இரண்டாவது ஊர்தி. ஒன்பது கிலோமீட்டர், முப்பத்தெட்டு நிமிடம். பெட்டி என் மடியில். கிளம்பும்போது மெஹர் தன் சாவியைப் போட்டாள், எதற்கு என்று கேட்கவில்லை.

கொட்டகைக்குள் தரையில் கிடந்தார். உதடு நீலம். தலைக்கவசம் கழற்றியிருந்தது, உள்ளே காற்று இருந்தது, அதனால் உயிர் இருந்தது. நாங்கள் உள்ளே நுழையும்போது வலிப்பு மறுபடி வந்தது. எத்தனையாவது என்று தெரியாது. ஊசி போட்டேன். நிற்கவில்லை. இரண்டாவது போட்டேன். நின்றது.

மூச்சு சீராக இருக்கிறது. தளத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். தலையில் ஐந்து தையல்.

நாள் 418. காலை 09:00

நினைவு தெளிவு. கைகால் அசைகின்றன. இடது கையில் பிடி குறைவு. மீளுமா என்று இப்போது சொல்ல முடியாது. துளை இயந்திரத்தின் நெம்புகோல் இடது கைக்கு.

நான் உள்ளே போனதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வெளியே வந்த பிறகு ஒலித்தொடர்பில்:

"மேடம், அவங்க இங்க வர வேண்டாம். என்ன மருந்துன்னாலும் நீங்க குடுங்க. ஒங்க கையால குடுங்க."

நாள் 418. மாலை 15:30

இந்தப் பதிவேட்டின் நகலைப் பூமிக்கு அனுப்பினேன், நாள் 20 முதல், பொய் எழுதிய ஒவ்வொரு இடத்தையும் குறித்து. பதில் வந்தது. மருத்துவப் பொறுப்பிலிருந்து என்னை நீக்கியிருக்கிறார்கள். இனி டாக்டர் தில்லைநாயகம் அங்கிருந்து சொல்வார், மெஹர் இங்கே செய்வாள். நான் தண்ணீர்த் தொட்டியையும் வடிகட்டிகளையும் பார்த்துக்கொள்வேன். இந்தப் பதிவேட்டுக்கான என் அனுமதி இன்று 18:00 மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும்.

நாள் 418. மாலை 17:35

மெஹர் ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்தாள். ஆவுடையப்பன் வலது கையால் எழுதிக் கொடுத்தது. 'இது மறுபடி வருமா? எழுத்துல வேணும்.'

அவருக்கான பதில். மெஹர், இதை முழுதாகத் தாளில் எழுதி அவர் கையில் கொடு.

வரலாம். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ பெரிய அலைச்சலோ வந்தால், இன்னும் சில மாதங்களுக்கு, ஒருவேளை அதற்கு மேலும், திரும்பி வரலாம். வராமலும் போகலாம். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. வந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பலருக்கு அப்படித்தான், உங்களுக்கும் அப்படி என்று உறுதி சொல்ல முடியாது. இது பைத்தியம் அல்ல. அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். உங்கள் அண்ணனுடைய நோயும் அல்ல. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நீங்கள் நின்ற வாசலுக்கு மேலே ஒரு குழாய் கசிந்துகொண்டிருந்தது. இன்று காலை நான் போய்ப் பார்த்தேன். முடுக்கத்தான் போயிருக்கிறீர்கள்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. எழுதினால் நீங்கள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையும் உங்களுக்கு வேண்டாம்.

நாள் 418. மாலை 17:57

மெஹர், இது உனக்கும், எனக்குப் பின்னால் இந்தத் தளத்துக்கு வரும் மருத்துவருக்கும். வலிப்பை நிறுத்த அந்த மருந்தையே மறுபடி தொடங்கியிருக்கிறோம். வேறு வழியில்லை. அதனால் இன்னொரு முறை அவர் அதிலிருந்து வெளியே வந்தாக வேண்டும். ஒவ்வொரு படியையும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் நில் என்றால் நில்லுங்கள். மாதங்கள் ஆனாலும் பரவாயில்லை. யார் தணிக்கைக்கு வந்தாலும், எந்தத் தேதி நெருங்கினாலும், குறைக்கும்போது மட்டும் அவசரப்