பிளஸ் டூ மாப்பிள்ளை

மகள் ஃபாயிஸாவைப் பெண் பார்க்க மாலையில் வருகிறார்கள். பலகாரம் வாங்கக் கிளம்பிய ஹைருன் பீவி, பள்ளிவாசலுக்குப் போயிருந்த கணவருக்குச் சீட்டெழுதி பிளாஸ்கில் ஒட்டினாள்.

“மச்சான், டீ இதுல இருக்கு. மாப்பிள்ள வீட்டுக்காரவ குத்தாலத்துல குளிச்சிட்டுப் பசியோட வாராவ. நம்ம புள்ள எம்.எஸ்சி., அவரு வெறும் பிளஸ் டூவான்னு நேத்து ராத்திரி மாதிரி மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்காதீங்க. அவரு பாக்குற பைலட் வேலைக்கு டிகிரி கட்டாயமில்லையாம். பிளஸ் டூல கணக்கும் பிசிக்ஸும் படிச்சு, பெறவு விமானம் ஓட்டப் படிச்சு லைசென்ஸ் எடுத்தாப் போதுமாம். நீலச் சட்டையப் போட்டுக்கிடுங்க, அதுதான் உங்களுக்கு எடுப்பா இருக்கும்.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நுணுக்கி எழுதினாள்:

“வருசக்கணக்கா துபாய்க்குப் போயிட்டு வந்தியளே, பைலட் என்ன படிச்சிருக்கான்னு கேட்டுட்டா ஏறுனிய? நானும் கேக்கல. உங்களப் பத்திரமா எங்கிட்ட கொண்டாந்து எறக்கணுமேன்னு துஆதான் கேட்டேன்.”