சிவந்த வால்வு

சேசு மரி சூசை துணை

செஞ்சி
ஐப்பசி 1948

அன்பு மகன் இருதயநாதனுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் என் பொழுது போகிறது. பம்பாய் ஓட்டலில் விடியும் வரைக்கும் கித்தார் வாசிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அப்படி விடிய விடிய உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு வீடு வாசல் கிடையாதா. உன் நைனாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் மல்லாட்டைச் செடி பிடுங்க யாரையும் நம்பாமல் கொல்லைக்கு அவரே போகிறார். உன் தங்கை மரியசெல்வி நீ விட்டுப்போன பழைய கித்தாரை எடுத்து வாசித்து வாசித்து அவள் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கிறது. பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்கு இதெல்லாம் என்று நைனா வாயால் சொல்வார், அவள் வாசிக்கும்போது வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

உன் ஆம்ப்ளிபயர் பெட்டியை விற்றுவிடச் சொல்லி எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மரியசெல்வி வாசித்ததும் நான் எழுந்து போய்ப் பெட்டி மேல் இருந்த தூசியைத் துடைத்து வைத்தேன். திருவிழாவுக்கு டாக்கீஸ் கொட்டாய் என்ஜினிலிருந்து வயர் இழுத்து அந்தப் பெட்டியைக் கோயிலில் வைத்தோம். மரியசெல்வி வாசிக்கையில் பாதிப் பாட்டில் அது உர்ரென்று உறும ஆரம்பித்துக் கித்தார் சத்தம் கரகரத்து அடங்கிப்போனது. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன், பல்பு மாதிரி இருக்கிற பெரிய வால்வு இரண்டில் ஒன்று உள்ளே தகடெல்லாம் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது, மற்றது மங்கலாக ஒரு பொட்டு வெளிச்சத்தோடு இருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆண்டவர் இருக்கிறார் என்று முழங்கால் போட்டு வளர்ந்தவள் நான், சிவந்து எரிவதுதான் உயிரோடு இருக்கிறது, மங்கினது செத்துப்போச்சு என்று நானே தீர்ப்புச் சொல்லி, மங்கினதைத் துணியில் சுற்றி, இதேபோல ஒன்று வாங்கி வாருங்கள் என்று நைனாவைத் திண்டிவனத்துக்கு அனுப்பினேன். புதிதும் மங்கலாகவே எரிந்தது, கடைக்காரன் ஏமாத்திட்டான்டி என்று நைனா குதித்தார். அப்புறம் கொட்டாயில் படம் ஓட்டும் கோவிந்தசாமிதான் வந்து பார்த்துச் சிரித்தான். யக்கா, செவந்து நிக்குதே அதான் சீக்காளி, மங்கலா இருக்குறது ஒழுங்கா வேலை செய்யுது என்றான். அதோடு விடாமல், கோளாறு வால்விலா பெட்டியிலா என்று பார்க்கணும் என்று என்ஜினை நிறுத்தி, நிறுத்தினாலும் உள்ளே கரண்டு நிக்கும், அதுக்குள்ள கைய வுடாதீங்க என்று எங்களை அதட்டி, சூடு ஆறினதும் இரண்டு வால்வையும் இடம் மாற்றிச் செருகினான். மறுபடி ஓட்டினால் அந்தச் சிவப்பும் வால்வோடு கூடவே இடம் மாறிப்போய்விட்டது. பழைய குழியில் வைத்த புதிது சிவக்கவில்லை, அதனால் பெட்டி மேல் குற்றமில்லை, அந்த வால்வுதான் கெட்டது என்றான். இந்த இரண்டும் பாரத்தைச் சரிபாதியாகச் சுமக்கிற ஜோடியாம், ஒன்று புதிதென்றால் மற்றதும் அதே ரகத்தில் புதிதாகப் போட வேண்டுமாம். பட்டணம் போனவரிடம் சொல்லி அவனே வரவழைத்துப் போட்டான். உறுமல் நின்றது, கித்தார் கணீரென்று கேட்டது, மரியசெல்வி அழுதே விட்டாள்.

எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் இல்லை. பெட்டி கெட்டுக் கிடந்த வரைக்கும் அதை யாரும் வாங்க மாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவலூர்பேட்டை மைக் செட்டுக்காரர் பாண்டுரங்கன் வந்துவிட்டார், நைனா சொல்லி அனுப்பியிருக்கிறார். கொட்டாயில் வைத்துப் பெட்டியைப் போட்டார்கள், மரியசெல்வி நீ சொல்லிக்கொடுத்த மாதா பாட்டை வாசித்தாள். அந்த மனுஷர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, இன்னா வெலம்மா சொல்ற என்றார். பெட்டி அங்கே கணகணவென்று பாடிக்கொண்டிருக்கிறது, நான் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இது ரிப்பேருங்க, வேலை செய்யாது என்று சொல்லிவிட்டேன். கோவிந்தசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நைனா என்னையே பார்த்தார், கோபிப்பார் என்று நினைத்தேன், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆமாங்க, ரிப்பேருதான் என்றார்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், சனிக்கிழமை ஜெபமாலையை மறக்காதே, ஈரத் தலையோடு படுக்காதே. உன் பெட்டி கோணி போர்த்தி உன் கட்டில் மேலேயே இருக்கிறது. விற்கத்தான் வேண்டும் என்றால் நீயே வந்து விற்றுக்கொள்ளப்பா.

உன்னைப் பார்க்க ஏங்கும் அம்மா
ராயம்மாள்