கொத்தனாருக்குத் தராத வில்லை

மார்ச் 3, திங்கள்
எங்கள் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்துக்கு நூற்றைம்பது வயதாகிறது. வரலாற்று மலர் எழுதும் வேலை என் தலையில். சபையை நடத்தும் மூப்பர்களின் தலைவர் என் அண்ணன்; வேறு யார் தலையில் கட்டுவார்? பழைய நடவடிக்கைப் புத்தகங்களில் பாதி கரையான் தின்றது, மீதி தற்பெருமை.

மார்ச் 5
ஆலயம் கட்டிய வருஷத்து நடவடிக்கைப் புத்தகம் கிடைத்தது.
மழைக்கு முன் கூரை முடிய வேண்டும், ஞாயிறும் வேலை நடக்கட்டும் என்று மூப்பர்களே கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் அதே கையெழுத்தில்: ஓய்வுநாளை மீறிய கொத்தனாருக்கு வில்லை கிடையாது. அப்போதெல்லாம் மூப்பரிடம் தகர வில்லை வாங்கியவர்தான் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் உட்காரலாம். பதினோரு வருஷம், சாகும்வரை, தான் கட்டிய கோயிலின் கடைசி பெஞ்சில் அந்த மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறார். எழுதிக் கையொப்பமிட்டவர் எங்கள் கொள்ளுத்தாத்தா. ஹாலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோமே, அவரேதான். சீ.

மார்ச் 9, ஞாயிறு
அண்ணன் படித்தார். "நம்ம கண்ண நாமளே குத்திக்கணுமா? அந்தப் பக்கத்த எடுத்துடு. கட்டினவர்னு கொள்ளுத்தாத்தா பேரப் போடு."
தாத்தா ஒரு செங்கல்லாவது தூக்கியிருப்பாரா? அண்ணி டீயை வைத்துவிட்டுப் போனார். எப்போதும்போல வாயில்லாப் பூச்சி.

மார்ச் 12
முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு
மலர் வெளியீடு. என் பெயர் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை. பேசக் கூப்பிட்டார்கள். மலரை மூடிவிட்டு, கைப்பிரதியைப் படித்தேன். மைக்கை அணைத்தார்கள். முப்பது வருஷ டீச்சர் தொண்டைக்கு மைக் எதற்கு? கடைசி வரி வரை படித்தேன்.

மார்ச் 19
மூப்பர் சங்கத்தின் கடிதம். மூப்பர்களை அவமதித்தேனாம், மன்னிப்புக் கேட்கும்வரை எனக்குத் திருவிருந்து இல்லை. அந்தத் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்கியது அண்ணன் என்று, ஆலய மணி அடிக்கும் கோயில்பிள்ளை சொன்னார். கூடப் பிறந்தவன்தானா இவன்? இவங்க கையால வாங்கித் தின்னாத்தான் எனக்குப் பரலோகமா? — அழுதேன். இவர்களுக்காக அழுதோமே என்பதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு
திருவிருந்து நாள். போகவில்லை. ஆராதனை முடியும் முன்பே யாரோ கதவைத் தட்டினார்கள். அண்ணி, கையில் பைபிளோடு. அண்ணன் அப்பத் தட்டை நீட்டினாராம். இவர் எடுக்காமல் எழுந்து வந்துவிட்டாராம்.
"தொண்டையில இறங்காது," என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "அந்தக் கொத்தனார் பேரு என்ன?"
சொன்னேன்.