கதவில் ஒட்டிய ஏழு நாள் சமையல்

12 ஜூலை 1957, வெள்ளி

அடுத்த வாரச் சமையலை எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டிவிட்டேன். ஏழு நாளைக்கும் என்ன சமையல், என்ன சாமான் என்று. இவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர், அவசரத்துக்குக் கூப்பிட வீட்டில் டெலிபோன் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில்தான் ஹாஜா காக்கா மளிகைக் கடைக்குச் சொன்னேன். எல்லாம் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டது. காஜா பெராங் வீட்டிலிருந்து தினமும் மார்க்கெட்டுக்கு நடக்கிற நேரம் எனக்கு மிச்சம்.

"கத்திரிக்காயைக் காதாலயா பாத்து வாங்குவே?" என்றார் சந்திரமதி அண்ணி. இவருடைய அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். நறுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூடச் சொத்தை இல்லை.

எல்லாம் அந்தச் சனிக்கிழமை வகுப்புக்காக. ஆசிரியர் பயிற்சி. "சாப்பாட்டுல ஒரு நாள் குறை வந்தாலும் வகுப்பு நிக்கும்" என்று இவர் சொல்லியிருக்கிறார். வராது. பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

20 ஜூலை, சனி

ஒரு குறையும் இல்லை. வகுப்பில் முதலில் போய் உட்கார்ந்தது நான்தான்.

27 ஜூலை, சனி

கோபம் இன்னும் ஆறவில்லை.

விடியலில் நெத்திலிக் கருவாட்டை மிளகாய்ச் சம்பலுக்கு வதக்கிக்கொண்டிருந்தேன். கதவில் அப்படித்தான் எழுதியிருந்தது. அண்ணி தலைக்குக் குளித்த ஈரத்தோடு வந்து நின்றார். "இன்னிக்கு ஆடி அமாவாசைடி." மாமனாருக்குப் படையல் போடுகிற நாள். வீடு முழுக்கக் கருவாட்டு வாசம்.

நான் பார்த்து எழுதியது இரும்புக் கடையில் கொடுத்த இங்கிலீஷ் காலண்டர். அதில் அமாவாசை எங்கே இருக்கும்?

இவர் அட்டவணையைக் கிழித்துப் போட்டார். "வகுப்பு போதும்" என்றார்.

சட்டி தேய்த்து, வீட்டைக் கழுவி, மறுபடி குளித்து, வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, பாயசம், எல்லாம் சமைத்தேன். படையல் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பாதி வகுப்பு முடிந்திருந்தது. இருந்தாலும் போனேனா இல்லையா?

தப்பு என்னுதுதான். யார் இல்லேன்னாங்க? கருவாட்டை வதக்குனது நான், வகுப்பா வதக்குச்சு?

28 ஜூலை, ஞாயிறு

அண்ணியிடம் கேட்டே விட்டேன். "சனிக்கிழமை நெத்திலின்னு ஒரு வாரமா கதவுல இருக்கு. அமாவாசைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" வேண்டுமென்றே விட்டிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாது, பாக்கியம்."

எட்டு வருஷமாக ஒரே அடுப்படி. எனக்கு இது தெரியாது. நான் வாத்தியாரம்மா ஆகப் போகிறேனாம். வெட்கமாக இருக்கிறது.

2 ஆகஸ்ட், வெள்ளி

புது அட்டவணை ஒட்டியாச்சு. கோயில் குருக்களிடம் திதி கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன். கிழித்தால் இன்னொன்று எழுதுவேன், காகிதத்துக்கா பஞ்சம்?

டெலிபோனை எடுக்கும் முன் அண்ணிக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். "செவ்வாயும் மீன், புதனும் மீனா? அவன் முகத்தைத் தூக்கி வச்சுக்குவான். மாத்து." மாற்றினேன். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். "மாங்கா போட்ட எறா" என்றார். புதனுக்கு அதையே எழுதினேன்.

நாளைக்கு வகுப்பு. இவரிடம் கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னேன், அவ்வளவுதான். உம்மென்று இருக்கிறார். இருக்கட்டும்.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, நாடு சுதந்திரம் அடைந்த நாள். வகுப்பு இல்லை. இவர் திடலுக்குப் போய்விட்டு வந்து விடுதலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நான் அடுத்த வாரத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

7 செப்டம்பர், சனி

காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "மத்தியானம் ஆஸ்பத்திரிலேர்ந்து நாலு பேர் சாப்பிட வர்றாங்க. ஆட்டுக்கறி வை. இன்னிக்கு வகுப்புக்குப் போக வேணாம்" என்றார்.

நான் வகுப்புப் பையைக் கையில் எடுத்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அண்ணி: "சனிக்கிழமை என்ன சமையல்னு கதவுல எழுதியிருக்கு, தம்பி. போய்ப் படிச்சுக்க. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

இவர் கதவுக்கு முன்னால் போய் நின்று படித்தார். சாம்பார், கோஸ், அப்பளம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.