அடித்துவிட்ட ஒரு அளவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? போன்ல கேட்டா பழைய பல்லவியையே பாடுவீங்க, அதான் எழுதறேன்.

நேத்து லேப்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒளியை நூறு தடவை அளந்ததுல ஒண்ணு மட்டும் ஒத்துவரல. தூசியா இருக்கும்னு அதை அடிச்சுட்டு சராசரி போட்டேன். "ஒத்துவராததைத்தானே முதல்ல பாக்கணும்?"னு புரொபசர் கேட்டாங்க. கருவியில விரிசலாம். அந்த ஒரு அளவுதான் அதைக் காட்டிக் கொடுத்திருக்கு.

எப்பவும் "எனக்கென்னம்மா, நல்லா இருக்கேன்"னு சொல்ற நீங்க, ஒரே ஒரு நாள் "மாடி ஏறினா மூச்சு வாங்குது"ன்னீங்க. வெயில்தான்ப்பான்னு அதையும் அடிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க.

உங்க பழைய ஸ்வெட்டரை அனுப்புங்க, இங்க குளிர். இந்த லெட்டர் கிடைச்ச அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. அவர் சொன்னதை அம்மா எழுதட்டும், நீங்க எழுத வேண்டாம். லேபுக்கு நேரமாச்சு.

உங்க மக